ஓடும் கப்பலில் ஹெலிகாப்டர்: புறப்படுவது முதல் தளத்தில் கட்டுவது வரை ரேடியோ வழிகாட்டி

அமெரிக்கக் கடற்படையின் ஆர்லீ பர்க் வகை டெஸ்ட்ராயர் போர்க்கப்பலின் பின்பக்கத் தளத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர்தான் இறங்க முடியும். அங்கே இறங்கும் எம்எச்-60ஆர் சீஹாக்கின் மேல்விசிறிக்கு 16 மீட்டருக்கும் அதிகமான விட்டம். விசிறி முனைக்கும், ஹெலிகாப்டரை நிறுத்தி வைக்கும் ஹேங்கரின் கதவுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி கொஞ்சம்தான். தளமோ முன்னே ஓடுகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, அலையோடு ஏறி இறங்குகிறது. பைலட்டுக்குத் தன் வால் தெரியாது, சக்கரத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. முன்னால் பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேடையில், நிற்கும் அதிகாரிக்கு, கேமராவில் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் தளமே தெரியாது. தளத்தில் நிற்கும் மாலுமிக்கு எஞ்சின் இரைச்சலில் எதுவும் கேட்காது. ஆளுக்கு ஒரு துண்டு மட்டுமே தெரிந்த இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும். அதற்கான பேச்சு எப்படி நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இந்தக் கப்பலையும் ஹெலிகாப்டரையும் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இதே எம்எச்-60ஆரை இந்தியக் கடற்படையும் 24 வாங்கியிருக்கிறது. அதற்கான ஐஎன்ஏஎஸ் 334 படைப்பிரிவு 2024 மார்ச் மாதம் கொச்சியில் தொடங்கப்பட்டது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணத்தில், ஐஎன்எஸ் ராஜாளியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவட்டும். சொற்களும் வரிசையும் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்; அடிப்படை மாறாது.

அந்த அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நொடியிலும் ஹெலிகாப்டர் ஒரே ஒரு குரலின் பொறுப்பில் இருக்க வேண்டும். அந்தக் குரல் யாருடையது என்பது கப்பலில் எல்லோருக்கும், பைலட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைக் காப்பாற்றத்தான்.

முதல் படி: யார் யாரோடு பேசுகிறார்கள்

பிரிட்ஜில் காவல் அதிகாரி. கப்பலின் திசையும் வேகமும் அவர் கையில். கேப்டனின் அனுமதி அவர் வழியாகத்தான் கீழே வரும்.

போர்த் தகவல் மையத்தில் ரேடார் முன்னால் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளர். அஸ்டாக் என்பார்கள். ஹெலிகாப்டர் கப்பலை விட்டு விலகிய பிறகு அதோடு பேசுபவர் இவர்.

தளத்தைப் பார்த்தபடி இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டு அதிகாரி. இந்தக் கட்டுரையில் இவரை டவர் என்றே குறிப்பிடுகிறேன். கேபிள் போட்டு இறக்கும்போது இவரோடு, இறக்கத்தை வழிநடத்தும் எல்எஸ்ஓ என்ற அதிகாரி ஒருவரும் இருப்பார். அவரும் ஹெலிகாப்டர் பைலட்தான்; அன்றைக்குப் பறக்கும் முறை அவருடையது இல்லை, அவ்வளவுதான்.

தளத்தில் மஞ்சள் சட்டையோடு சமிக்ஞை மாலுமி. அவர் கையசைவுகள் பைலட்டுக்கு வழிகாட்டுபவை. பெரும்பாலானவை ஆலோசனைதான், பைலட் தன் முடிவின்படி நடக்கலாம். ஆனால் இரண்டு சைகைகள் கட்டளை: "நில்", "விலகிப் போ". இவற்றுக்கு மறுபேச்சு கிடையாது. நீலச் சட்டைக்காரர்கள் சக்கரக் கட்டைகளையும் சங்கிலிகளையும் போட்டு எடுப்பவர்கள். தீயணைப்புக் குழு தனி.

இரண்டாம் படி: எந்த வழியில் பேச்சு

வெளியே போகும் பேச்சு பெரும்பாலும் யுஎச்எஃப் அலைவரிசையில், 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ராணுவ வான்பட்டையில் நடக்கும். டவரும் பைலட்டும் பேச ஓர் அலைவரிசை, அஸ்டாக்கும் பைலட்டும் பேச இன்னொன்று. இவை தவிர 243.0 மெகாஹெர்ட்ஸ் ராணுவ அவசர அலைவரிசை. பொது விமானங்களுக்கான 121.5-ம் அப்படித்தான். இவற்றை யாராவது எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வான்பட்டையில் சாதாரணக் குரல் ஏஎம் முறையில்தான் போகிறது. இசை கேட்க எஃப்எம் நல்லதுதான்; ஆனால் எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மற்றதை முழுசாக விழுங்கிவிடும். ஒருவர் பேசினார் என்பதே தெரியாமல் போகும். ஏஎம்மில் அப்படி மோதினால் கீச்சென்று ஓர் ஓசை எழும். கேட்பவருக்கு உடனே புரியும்: இரண்டு பேர் ஒன்றாகப் பேசிவிட்டார்கள், மறுபடி கேட்க வேண்டும். இப்படிப்பட்ட வேலையில் அந்தக் கீச்சொலி பெரிய பாதுகாப்பு.

யுஎச்எஃப் நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவைத் தாண்டாது. தூரத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் அடியில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 1.23-ஆல் பெருக்கினால் கடல்மைல் கிடைக்கும். கப்பல் ஆன்டெனா 100 அடி, ஹெலிகாப்டர் 1000 அடி என்றால் சுமார் 51 கடல்மைல். அதே ஹெலிகாப்டர் 200 அடிக்கு இறங்கினால் 30-க்கும் கீழே. நீர்மூழ்கி தேடும் ஹெலிகாப்டர் தாழ்ந்து போய், ஒலியால் தேடும் சோனார் கருவியைக் கடலில் இறக்கும்போது பேச்சு அறுந்து போவது இதனால்தான். முன்கூட்டியே "கீழே போகிறேன், இத்தனை நிமிடத்தில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டால் கப்பலில் யாரும் பதற வேண்டியதில்லை.

கப்பலுக்குள்ளே பிரிட்ஜ், தகவல் மையம், டவர் மூன்றையும் இணைக்கும் உள்தொடர்பு உண்டு. பேசுபவரின் குரல் அதிர்விலிருந்தே மின்சாரம் உண்டாக்கி இயங்கும் தொலைபேசியும் இருக்கும். கப்பலில் மின்சாரமே போனாலும் அது வேலை செய்யும்.

மூன்றாம் படி: விசிறி சுழலும் முன்

பறக்கும் குழுவும் கப்பல் தரப்பும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் ரேடியோ பற்றி இவற்றை முடித்துவிட வேண்டும்: முதல் அலைவரிசை, அது கெட்டால் இரண்டாவது, அழைப்புப் பெயர்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நலச்செய்தி, பேச்சே அறுந்தால் எங்கே போவது, எந்த உயரத்தில், எந்த நேரத்துக்குத் திரும்புவது. கடைசி மூன்றையும் எழுதி வைக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

அப்புறம் ஒலிபெருக்கியில் "ஃப்ளைட் குவார்ட்டர்ஸ்" அறிவிப்பு. எல்லோரும் அவரவர் இடத்துக்கு. தளத்தில் வரிசையாக நடந்து ஆணி, கந்தல், திருகு எதுவும் கிடக்கவில்லை என்று பார்ப்பார்கள். குண்டோ ஏவுகணையோ ஏற்றுவதாக இருந்தால், தளத்துக்கு அருகிலுள்ள எச்எஃப் ஒலிபரப்பிகளை நிறுத்த வேண்டும் அல்லது ஆற்றலைக் குறைக்க வேண்டும். வலுவான ரேடியோ அலை, மின்சாரத்தால் வெடிக்கும் ஆயுதங்களைத் தூண்டிவிடக்கூடும். இதை உறுதிசெய்த தகவலும் டவருக்கு வாய்மொழியாக வந்து சேர வேண்டும்.

பிறகு ரேடியோ சோதனை. ஒவ்வொரு அலைவரிசையிலும், ஒவ்வொரு ரேடியோவிலும். முதல் ரேடியோ நன்றாகக் கேட்டதும் இரண்டாவதை விட்டுவிடுகிற பழக்கம் ஆபத்தானது. இரண்டாவது தேவைப்படும் நேரத்தில் அதைச் சரிபார்க்க அவகாசம் இருக்காது.

வெளியே மற்ற கப்பல்களுக்கும் தெரிவிக்க வேண்டும். கொடிக்கம்பத்தில் ஹோட்டல் கொடி, அதாவது எச் எழுத்துக்கான கொடி. கூடவே உருண்டை, வைரம், உருண்டை வடிவங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்கு. "என்னால் இப்போது தாராளமாகத் திரும்ப முடியாது" என்பதற்கான சர்வதேச அடையாளம் அது. அப்படியும் நெருங்கி வரும் சரக்குக் கப்பலை விஎச்எஃப் சேனல் 16-ல் பிரிட்ஜ் கூப்பிட்டுப் பேசும்.

நான்காம் படி: எஞ்சினும் விசிறியும்

பைலட் டவரைக் கேட்பார். டவர் பிரிட்ஜைக் கேட்கும். பிரிட்ஜ், கேப்டனின் அனுமதியோடு சரி என்று சொல்லும். அதன் பிறகே டவர் பைலட்டிடம் சொல்லி, தள விளக்கையும் மாற்றும். சிவப்பு என்றால் தளம் தயாரில்லை. மஞ்சள் என்றால் விசிறியைச் சுழற்றவோ நிறுத்தவோ அனுமதி. பச்சை என்றால் ஏறலாம், இறங்கலாம். பச்சைக்கு ரேடியோவில் "கிரீன் டெக்" என்பார்கள்.

குரலும் விளக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காதில் "கிரீன் டெக்" விழுந்து, கண்ணில் மஞ்சள் தெரிந்தால் பைலட் அசையக் கூடாது, கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: புறப்பாடு

இங்கேதான் எண்கள் வருகின்றன. எடுத்துக்காட்டுக்காக ஹெலிகாப்டரின் பெயரை ஃபால்கன் 71 என்று வைத்துக்கொள்வோம்.

"டவர், ஃபால்கன் 71. புறப்பட கிரீன் டெக் கேட்கிறோம்."

"ஃபால்கன் 71, டவர். பிஆர்சி 240. காற்று வலப்புறம் 20 பாகை, 18 நாட். அல்டிமீட்டர் 29.82. பிட்ச் 1, ரோல் 3. கிரீன் டெக்."

"240, வலது 20-ல் 18, 29.82. கிரீன் டெக், ஃபால்கன் 71."

பிஆர்சி என்பது ஹெலிகாப்டர் வேலை முடியும்வரை கப்பல் பிடித்துக்கொண்டிருக்கும் திசை. காற்று, கப்பலின் மூக்கை வைத்துச் சொல்லப்படுகிறது. ஏனென்றால் கப்பலின் ஓட்டமும் இயற்கைக் காற்றும் கலந்து தளத்தில் எப்படி வீசுகிறதோ அதுதான் பைலட்டுக்கு வேண்டும். பிட்ச் என்பது கப்பலின் முன்பின் ஆட்டம், ரோல் என்பது பக்கவாட்டு ஆட்டம்; இரண்டும் பாகையில். எந்தக் கோணத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு ஆட்டம் வரை அனுமதி என்பதற்கு வரைபடம் உண்டு. இரவில் அந்த எல்லை இன்னும் சுருங்கும்.

பைலட் எண்களைத் திருப்பிச் சொன்னதைக் கவனித்தீர்களா? அதைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் அல்டிமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டவர் சொல்லும் எண், பாதரச அங்குலத்தில் காற்றழுத்தம்; அதில் ஓர் அங்குலம் வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் அடி. உண்மையான அழுத்தம் 29.82 இருக்க, பைலட் காதில் 29.92 என்று விழுந்தால், கருவி நூறு அடி கூடுதலாகக் காட்டும். இரவில் 200 அடியில் பறப்பதாக நினைப்பவர் உண்மையில் 100 அடியில் இருப்பார். ரேடார் அல்டிமீட்டர் தனியாக எச்சரிக்கும் என்பது ஆறுதல்தான், ஆனால் முதல் தடுப்பு திருப்பிச் சொல்வதுதான். திருப்பிச் சொன்னதை டவர் கவனமாகக் கேட்கவில்லை என்றால் அந்தத் தடுப்பும் பாதிதான்.

"ரோஜர்" என்ற சொல்லை இந்த இடத்தில் பலரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது என்பது மட்டுமே அதன் பொருள். ஆமாம் என்றோ, செய்கிறேன் என்றோ பொருள் இல்லை. செய்வதாக இருந்தால் "வில்கோ". எண்கள் வந்தால் எண்களையே திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்காமல் போனால் "சே அகெய்ன்". "ரிப்பீட்" என்று சொல்லக் கூடாது; பீரங்கிப் பேச்சில் அதற்கு இன்னொரு முறை சுடு என்று பொருள், போர்க்கப்பலில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

கட்டைகளும் சங்கிலிகளும் எடுக்கப்பட்டதும் நீலச் சட்டைக்காரர்கள் அவற்றைத் தூக்கிப் பிடித்துப் பைலட்டுக்குக் காட்டுவார்கள். போட்டது எத்தனையோ அத்தனையும் கண்ணால் எண்ணப்பட வேண்டும். ஒரு சங்கிலி மாட்டியிருக்க ஹெலிகாப்டர் எழுந்தால் புரண்டுவிடும். இதை ரேடியோவில் கேட்டு நம்பக் கூடாது என்பது நல்ல விதி.

எழுந்து விலகியதும்: "ஃபால்கன் 71, ஆப்ஸ் நார்மல், சோல்ஸ் 3, ஸ்டேட் 2 ப்ளஸ் 50." எல்லாம் சரி, உள்ளே மூன்று உயிர், எரிபொருள் இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு. பிறகு டவர் அவரை அஸ்டாக்கிடம் ஒப்படைக்கும். அஸ்டாக்கோடு பேசி, ரேடாரில் அடையாளம் உறுதியானால்தான் ஒப்படைப்பு முடிந்தது. அதுவரை டவர் காதை எடுக்கக் கூடாது.

ஆறாம் படி: பறக்கும் நேரம்

குறித்த இடைவெளியில் "ஆப்ஸ் நார்மல்", கூடவே எரிபொருள். அது வராமல் போனால் அஸ்டாக் முதலில் தன் அலைவரிசையில் கூப்பிடுவார், பிறகு டவரின் அலைவரிசையில், பிறகு அவசர அலைவரிசையில். எதிலும் பதில் இல்லையென்றால் கடைசியாகத் தெரிந்த இடத்தை நோக்கித் தேடல். அதனால் அஸ்டாக்கின் மேசையில் கடைசி இடமும் நேரமும் எப்போதும் புதிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கப்பல் திசையோ வேகமோ மாற்றினால் பைலட்டுக்குச் சொல்ல வேண்டும். கப்பலுக்கு வானொலி மொழியில் "மதர்" என்று பெயர். புறப்பட்ட இடத்தில் மதர் காத்திருக்காது.

ஏழாம் படி: திரும்பி இறங்குவது

அஸ்டாக் ஹெலிகாப்டரைக் கப்பலின் பின்பக்கம் கொண்டுவந்து சேர்ப்பார். பைலட் கப்பலைக் கண்ணால் பார்த்துவிட்டதாகச் சொன்னதும் டவரிடம் ஒப்படைப்பு. மறுபடி எண்கள், மறுபடி கிரீன் டெக். தளத்தில் இறங்குகோணம் காட்டும் விளக்கு ஒன்று உண்டு: மஞ்சள் தெரிந்தால் சரியான சரிவு, பச்சை என்றால் உயரம் அதிகம், சிவப்பு என்றால் தாழ்வு. தள நிலை விளக்கின் நிறங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூடுபனியில் கப்பலே தெரியாவிட்டால், ரேடாரைப் பார்த்துக் கட்டுப்பாட்டாளர் பேசிப் பேசியே கொண்டுவருவார். இடது இரண்டு பாகை, தூரம் ஒன்றரை, தூரம் ஒன்று என்று குரல் ஓயாமல் போக வேண்டும். குறித்த சில விநாடிகளுக்குக் குரல் வராவிட்டால் பைலட் அணுகுவதை விட்டு ஏறிவிடுவார். மௌனமும் அங்கே ஒரு செய்தி.

இனி மிக நுட்பமான பகுதி. கடல் கொந்தளிக்கும்போது ராஸ்ட் என்ற முறையில் இறக்குவார்கள். தளத்தில் இரும்புப் பொறி ஒன்று இருக்கும். ஹெலிகாப்டரின் வயிற்றிலிருந்து நீளும் தண்டு அதற்குள் வந்ததும் கவ்விக்கொள்ளும். கனடாவின் கடற்படை 1960-களில் வளர்த்த கருத்து அது. ஹெலிகாப்டர் தளத்துக்கு மேலே நிலைத்து நிற்க, அதிலிருந்து மெல்லிய கம்பி இறங்கும். தளத்து ஆட்கள் கனமான கேபிளை அதில் மாட்டுவார்கள். கேபிள் மேலே போய்ப் பூட்டிக்கொண்டதும் எல்எஸ்ஓ இழுவிசையைக் கூட்டுவார்.

இந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேசக் கூடாது. பிரிட்ஜ் கூட. எல்எஸ்ஓவின் குரல் மட்டும்: "முன்னே இரண்டு... வலது ஒன்று... ஸ்டெடி... ஸ்டெடி..." சொல்லும் எண் அடிக்கணக்கு. கப்பல் அலையோடு ஆடிவிட்டு நடுவே சில விநாடி அமைதியாகும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து "லேண்ட் நவ், டௌன், டௌன், டௌன்" என்பார். சக்கரம் தொடும், பொறி கவ்வும். "ட்ராப்ட்."

நல்ல எல்எஸ்ஓவின் குரல் ஏறாது, இறங்காது, ஒரே சீர். குரல் உயர்ந்தால் பைலட்டின் கை தானாக இறுகும், ஹெலிகாப்டர் துள்ளும். திறமையை விட இந்தச் சீரான குரலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் பதற்றம் ரேடியோ வழியாக நேராகக் கட்டுப்பாட்டுத் தண்டுக்குப் போய்ச் சேர்கிறது.

எதுவும் சரியில்லையென்றால் "வேவ் ஆஃப், வேவ் ஆஃப், வேவ் ஆஃப்". மூன்று முறை, காரணம் சொல்லாமல். காரணம் பிறகு. பைலட்டும் வாதிடாமல் ஏறிவிட வேண்டும். தளம் பாதுகாப்பாக இல்லை என்று பார்த்த எவரும், எவ்வளவு இளைய மாலுமியானாலும், இதைத் தூண்டலாம் என்பது கப்பலில் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: இறங்கியாயிற்று, வேலை முடியவில்லை

சக்கரம் தளத்தைத் தொட்டதும் எல்லோருக்கும் ஒரு தளர்வு வரும். அதுதான் கவனிக்க வேண்டிய நேரம். 2013 செப்டம்பர் 22 அன்று செங்கடலில், வில்லியம் பி. லாரன்ஸ் என்ற அமெரிக்க டெஸ்ட்ராயரில் எம்எச்-60எஸ் ஒன்று இறங்கி, விசிறி சுழன்றபடி தளத்தில் நின்றது. கப்பல் பலமாக உருண்டதில் கடல் நீர் எழும்பி விசிறியில் மோதியது. ஹெலிகாப்டர் கடலுக்குள் போனது. பைலட்கள் இருவரும் இறந்தார்கள். மற்ற மூவர் மீட்கப்பட்டார்கள்.

அதனால் விசிறி சுழலும்வரை பிரிட்ஜுக்கும் டவருக்கும் இடையே பேச்சு அறுபடக் கூடாது. கப்பல் திரும்ப வேண்டும், வேகம் கூட்ட வேண்டும் என்றால் பிரிட்ஜ் முதலில் டவரைக் கேட்கிறது: "இடது திருப்ப வேண்டும், எதிர்பார்க்கும் சாய்வு இவ்வளவு. தளம் தயாரா?" டவர் பைலட்டிடமும் தளத்து ஆட்களிடமும் சொல்லி, சங்கிலிகள் போட்டது உறுதியானதும் சரி என்கிறது. காத்திருக்கச் சொன்னால் பிரிட்ஜ் காத்திருக்கிறது. விசிறி நின்று, தளம் சிவப்புக்கு மாறி, டவர் "தளம் பத்திரம்" என்று சொன்ன பிறகுதான் பிரிட்ஜுக்கு முழுச் சுதந்திரம்.

ரேடியோ கெட்டுப்போனால்

ஹெலிகாப்டரின் ரேடியோ செத்தால் பைலட் அடையாளக் கருவியில் 7600 போடுவார். ரேடாரில் அது தெரியும். எஞ்சின் கோளாறு போன்ற பொது அவசரத்துக்கு 7700. பிறகு முன்பே ஒத்துக்கொண்ட உயரத்தில், நேரத்தில் கப்பலுக்குத் திரும்பி, பிரிட்ஜில் இருப்பவர்கள் பார்க்கும்படி பறந்து விளக்கைச் சிமிட்டுவார். கப்பல் விளக்கால் பதில் சொல்லும். தளத்தின் பச்சை விளக்கும் மஞ்சள் சட்டைக்காரரின் கைகளும் போதும், இறங்கிவிடலாம். எதிரிக்குத் தெரியாமல் பறக்க வேண்டிய நாட்களில் இப்படி ஒரு வார்த்தை பேசாமல் வேண்டுமென்றே ஏறி இறங்கிப் பழகுகிறார்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் எந்த அலைவரிசையில் இருக்கிறாரோ அதிலேயே "மேடே" மூன்று முறை. அப்புறம் இந்த வரிசை: யார், எங்கே, என்ன ஆயிற்று, என்ன செய்யப் போகிறோம், உள்ளே எத்தனை பேர். இடத்தை முன்னால் சொல்வது நல்லது. பேச்சு பாதியில் அறுந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்கும். கேட்ட கட்டுப்பாட்டாளர் மற்ற எல்லோரையும் அமைதியாக்கிவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொள்வார். பிரிட்ஜ் அதற்குள் கப்பலைத் திருப்பத் தொடங்கியிருக்கும்.